பொழுதின் கணக்கு



விரைவு என்பது பெருநகரில் வாழும் நமக்கு உடன்பிறந்த குணம் போல் ஆகிவிட்டது. காலை வண்டியைத் தவறவிட்டால் அன்றைய பொழுதே பாழாயிற்று என்று கலங்குகிறோம். இவ்வாறு வளர்ந்த நம் பிள்ளைகள் தொண்டு செய்யும் விருப்பத்துடன் அயல்நாடு செல்லும்போது, அவர்களை முதலில் வருத்துவது உணவுமன்று, வெயிலுமன்று; பொழுது மெல்ல நகர்வதேயாகும்.

ஐக்கிய நாடுகள் சபை 1970இல் தொண்டர் திட்டத்தைத் தோற்றுவித்தது. அன்று முதல் பல நாட்டு இளைஞர் பிற நாடுகளின் சிற்றூர்களுக்குச் சென்று பணியாற்றி வருகின்றனர். அத்தகையோர் செல்லும் நாடுகளுள் ஒன்றாகிய தான்சானியாவை எடுத்துக்கொள்வோம்.

அங்கே சுவாஹிலி மொழி பேசுவோர் கதிரவன் எழுவதிலிருந்து மணி எண்ணுகின்றனர். நமக்குக் காலை ஏழு மணி அவர்களுக்கு ‘ஸா மோஜா’, அதாவது ஒரு மணி. புதிதாகச் சென்ற ஆசிரியர் ஒருவர் சுவாஹிலிச் சொல்லால் “ஒன்பது மணிக்குக் கூட்டம்” என்று அறிவித்தால், ஊரார் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேர்வர். அவர்கள் தாமதித்தவர் அல்லர், கணக்குத்தான் வேறு. கதிரவன் தோற்றத்திலிருந்து அறுபது நாழிகை எண்ணிய நம் முன்னோர்க்கு இது விளங்காத கணக்கன்று.

வணக்கம் கூறுவதும் அங்கே ஒரு நொடியில் முடிவதில்லை. முதியவரைக் கண்டால் ‘ஷிகமோ’ என்று பணிதல் வேண்டும். அவர் ‘மரஹபா’ என்று ஏற்பார். பிறகு வீட்டு நலம், வேலை நலம் என்று வினாக்கள் தொடரும். இவற்றைத் தாண்டி நேரே அலுவலைப் பேசுவோரை ஊரார் மதியார். ‘அவசரத்தில் அருள் இல்லை’ என்னும் பொருளுடைய பழமொழி அவர்களிடம் உண்டு. பதறாத காரியம் சிதறாது என்று நாமும் சொல்கிறோம் அன்றோ?

இம்மெதுவைச் சோம்பல் என எண்ணுதல் பெரும் பிழை. மழை தொடங்கிவிட்டால் உழவர் கூட்டத்திற்கு வாரார். விதைப்பே அவர்க்கு முதற்கடமை. தண்ணீர் சுமந்து வரும் பெண்ணுக்கு விடியலிலேயே பாதி உழைப்பு முடிந்துவிடுகிறது. அவளிடம் இடம் கேளாமல் விரைந்து அமைத்த நீர்க்குழாய் பழுதுற்றால், தொண்டர் ஊர் திரும்பிய பின் அதைச் செப்பனிடுவார் யார்? பணியில் கழிந்ததாகத் தோன்றாத அந்த முதல் மாதங்களே பணிக்கு அடித்தளம்.

எனினும் எல்லாவற்றிலும் மெதுவே நன்று என்பதும் பொருந்தாது. காய்ச்சலுற்ற குழந்தையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதில் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. ஆற அமரச் செய்வன இவை, தாழ்த்தாது செய்வன இவை என்று வினைசெயல்வகையில் வள்ளுவர் பிரித்துரைத்தது இதனாலேயே. அப்பிரிவை அறிதலே தொண்டர் கற்க வேண்டிய பாடம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். தொலைவிலிருந்து மகளோ மகனோ பேசும்போது, “இதுவரை என்ன செய்து முடித்தாய்?” என்று கேளாதீர். “ஊரில் யார் யார் உனக்குப் பழக்கமானார்கள்?” என்று கேளுங்கள். அவ்வினா அவர்களுக்குத் தெம்பளிக்கும். அதனையே, அடுத்த வீட்டார் பெயரும் அறியாது ஓடிக்கொண்டிருக்கும் நாமும் நம்மை ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று.