கார்ட் செத்தால் படம் எங்கே?

"தம்பி, அப்பப்பான்ர கேசட்டைக் கொம்பியூட்டரில ஏத்தினனி எல்லே, பிள்ளையளுக்கு ஒருக்காப் போட்டுக் காட்டு" என்று அம்மா கேட்டபோது நான் "பிறகு பாப்பம்" என்று நழுவினேன். காட்ட முடியாத நிலைமை. முதல் நாள் இரவுதான் வீட்டுச் சேர்வர் படுத்துவிட்டது.

ஊரிலிருந்து அப்பப்பா பேசி அனுப்பிய கேசட் அது. என் பெயரை அவர் குரலில் கேட்கக்கூடிய ஒரே இடம். ஏத்தி முடித்த கையோடு ரேப் அறுந்துபோனது. மிஞ்சியது சேர்வரில் இருந்த ஃபைல் மட்டும். கூடவே பிள்ளைகளின் படங்கள், வீடியோக்கள்.

ரெய்ட் என்பதை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். விலைகூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகள். ஒன்று செத்தாலும் தரவு சாகாது. அந்த வேலையைச் செய்வது யார் என்பதுதான் நாம் முடிவு செய்யவேண்டியது. தனிக் கார்டா, அல்லது லினக்ஸ் போன்ற இயங்குதளமா?

நான் கார்டை நம்பினேன். பழையது ஒன்று மலிவாகக் கிடைத்தது, ஒஃபிஸிலும் அதுதானே பாவிக்கிறார்கள் என்ற நினைப்பு வேறு. நாலு டிஸ்க், ரெய்ட் 5. செத்தது டிஸ்க் இல்லை, கார்ட். நாலு டிஸ்க்கும் சுகமாகவே இருந்தன. ஆனால் ஃபைல்கள் துண்டு துண்டாக நாலிலும் பரவிக் கிடந்தன. எந்த ஒழுங்கில் என்பது அந்தக் கார்டின் பாஷையில் எழுதியிருந்தது. வேறு கம்பனிக் கார்டுக்கு அது விளங்கவில்லை. அதே இனத்துக் கார்ட் ஒன்றைத் தேடிப்பிடிக்க மூன்று கிழமை எடுத்தது. மூன்று கிழமையும் அம்மாவிடம் ஒரு பொய்.

இப்போது லினக்ஸின் எம்.டி.ஏ.டி.எம். விபரம் முழுவதும் டிஸ்க்கிலேயே இருக்கிறது. பெட்டி செத்தால் டிஸ்க்குகளைக் கழற்றி லினக்ஸ் உள்ள இன்னொரு பெட்டியில் பூட்டலாம். சொல்லிக்கொண்டிராமல் மகளின் பழைய கொம்பியூட்டரில் பூட்டிப் பார்த்தேன், ஒரே கட்டளையில் எழும்பியது. சன் நிறுவனம் 2005இல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். இன்னும் ஒரு படி மேலே: சத்தமில்லாமல் பழுதாகும் ஃபைலையும் கண்டுபிடிக்கும். ஆனால் அதற்கு டிஸ்க்குகள் நேரடியாகத் தெரியவேண்டும், நடுவில் ரெய்ட் கார்ட் நிற்கக்கூடாது.

கார்ட்தான் வேகம் என்பார்கள். அது பிராசஸர்கள் மெதுவாக இருந்த காலத்துக் கதை. வீட்டில் ஜிகாபிட் கேபிளில் செக்கனுக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகாது, அதற்கு எந்தக் கொம்பியூட்டரும் காணும். பற்றரியோடு வரும் கார்டுகள் பெரிய டேட்டாபேஸ்களுக்கு நல்லது, நமக்கு வேண்டாம். மதர்போர்டில் 'ரெய்ட்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. போன மாதம் மகன் ஒரு ஃபோல்டரை அழித்தான். ரெய்ட் அதை எல்லா டிஸ்க்கிலும் அதே கணத்தில் விசுவாசமாக அழித்தது. காப்பாற்றியது மெல்பேர்ணில் தங்கச்சி வீட்டில் இருக்கும் பிரதி. சிட்னியிலிருந்து ஒவ்வொரு இரவும் அங்கே போகிறது. அவள்தான் அடிக்கடி அதன் ப்ளக்கைக் கழற்றிவிட்டு வாக்கும் கிளீனரைப் போடுகிறாள். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.