பற்றரியைக் குறை கூறுமுன்...

நோர்வேயின் வட கரையோரத்திலுள்ள மீன் தொழிற்சாலைகளை நம்பி 1980களின் பிற்பகுதியிலிருந்து நம்மவர் பலர் குடியேறினர். கடலோடு பழகிய குடும்பங்களுக்கு ஒரு சிறு படகு வாங்க வேண்டுமென்ற ஆசை எழுவது இயல்பே. பெரும்பாலும் அது பழைய டீசல் எஞ்சின் பொருத்திய படகாகவே அமைகின்றது. பனிக்காலம் முழுவதும் கரையில் உறங்கிய அப்படகை வசந்தத்தில் நீரில் இறக்கிச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றி முனகி நின்றுவிடுகின்றது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வது இந்தச் சிக்கலையே.

ஊரிலே கயிற்றை இழுத்து மண்ணெண்ணெய் எஞ்சினை இயக்கிப் பழகியவர்களுக்கு இது புதிய தொல்லை. அங்கே இழுப்பவரின் தோள்தான் பற்றரி. இங்கே அந்த வேலையை ஸ்ராட்டர் மோட்டார் செய்கின்றது. டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உருளைக்குள் காற்றை வேகமாக அமுக்கும்போது பிறக்கும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. மெதுவாகச் சுழன்றால் அமுங்கிய காற்று வளையங்களின் ஓரமாகக் கசிந்துவிடும். வெப்பமும் குளிர்ந்த இரும்பினுள் போய்விடும். ஆகவே மெதுவாகச் சுழலும் டீசல் எஞ்சின் இயங்க மறுப்பதில் வியப்பில்லை.

இந்நிலையில் பலரும் உடனே செய்வது புதிய பற்றரி வாங்குவது. அதுவும் பயன்படாவிடின் புதிய ஸ்ராட்டர். கைப்பணம் கரைந்த பின்னரும் எஞ்சின் முன்போலவே முனகுகின்றது. காரணம், குற்றவாளி பல வேளைகளில் இவை இரண்டுமல்ல. இவற்றுக்கு இடையிலுள்ள தொடுப்புகளே.

“விளக்கு நன்றாக எரிகிறதே, தொடுப்பில் என்ன பிழை இருக்க முடியும்?” என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சிறு விளக்கிற்கு ஓர் அம்பியர் மின்னோட்டமே போதும். ஸ்ராட்டருக்கோ இருநூறு அம்பியருக்கு மேலும் வேண்டியிருக்கும். துருவேறிய தொடுப்பொன்றில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கிற்கு அதனால் இழப்பு நூறில் ஒரு வோல்ற் மட்டுமே, கண்ணுக்கே தெரியாது. இருநூறு அம்பியர் பாயும்போதோ அதே இடத்தில் இரண்டு வோல்ற் தொலைந்துபோகும். ஒருவர் நடந்துபோகும் ஒழுங்கையால் தேரை இழுத்துச் செல்ல முடியுமா?

ஆகவே ஊகத்தை விட்டு அளந்து பார்ப்போம். இதற்கு மலிவான மல்ரிமீற்றர் ஒன்று போதும்.

முதலாவது, பற்றரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓயவிட்டு அளக்க வேண்டும். நல்ல ஈயப் பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். 12.2 எனில் ஏறத்தாழப் பாதியே மிச்சம். கடுங்குளிரில் முழுப் பற்றரியும் தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கும் என்பதை மறக்கக்கூடாது. வெறுமையான பற்றரியோ உறைபனியில் உறைந்து வெடித்துவிடலாம். முழுமையாகச் சார்ஜ் செய்யப்பட்டது எளிதில் உறையாது.

இரண்டாவது, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பற்றரியின் முனைகளிலேயே அளக்க வேண்டும். மேலே பூட்டியுள்ள கவ்வியில் அல்ல. எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்திருக்கவும். அளவு 10 வோல்றுக்கும் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்ராட்டர் அளவுக்கு மீறி இழுக்கின்றது.

மூன்றாவது, அளவியின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதை ஸ்ராட்டரின் பெரிய போல்ற்றிலும் வைத்து மறுபடி சுழற்ற வேண்டும். பின்னர் பற்றரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் அவ்வாறே செய்ய வேண்டும். எப்பக்கமாயினும் அரை வோல்றுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகின்றது. அளவியை ஒவ்வொரு தொடுப்பாக நகர்த்திச் சென்றால் இடம் அகப்பட்டுவிடும். பற்றரிச் சுவிட்சும், எஞ்சினில் பூட்டிய எதிர்க் கேபிளின் அடியும் உப்புக்காற்றில் முதலில் கெடுபவை.

குறை கண்ட இடத்தில் எதிர்முனையை முதலிற் கழற்றுங்கள். பூட்டும்போது அதுவே கடைசி. வெண்பச்சை பூத்த கவ்வியை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவுங்கள். அந்நீர் பற்றரிக்குள் இறங்கக்கூடாது. உலர்ந்தபின் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வசலின் தடவுங்கள். உள்ளே கறுத்துப்போன கேபிளைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

ஸ்ராட்டர் வரை போதிய வோல்ற் வந்தும் மெதுவாகச் சுழன்றால், அதன் தேய்ந்த பிரஷ்களையோ குளிரில் இறுகிய எண்ணெயையோ ஐயுறலாம். கைப்புத்தகம் அனுமதிக்கும் மெல்லிய குளிர்கால எண்ணெயை மாற்றுவது உதவும். ஆனால் சுழலத் தொடங்கி ஓரிடத்தில் திடுமென முட்டி நின்றால் சாவியை விட்டுவிடுங்கள். உருளைக்குள் நீர் புகுந்திருக்கலாம். நீர் அமுங்காது, வலிந்து சுழற்றினால் உள்ளிருக்கும் தண்டு வளைந்து எஞ்சினே பாழாகும்.

இந்த நீர் எங்கிருந்து வருகின்றது? எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் சுழலும்போதும் பம்பி கடல்நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை இல்லை. புகைக்குழாய்ப் பெட்டி நிரம்பி, நீர் பின்னோக்கி ஏறும். ஆகவே சோதனையின்போது கடல்நீர் வால்வை மூடிவையுங்கள். எஞ்சின் இயங்கிய உடனே அதைத் திறவுங்கள். மறந்தால் பம்பியின் இறப்பர்ச் சில்லு விரைவில் எரிந்துபோகும். ஒரு தடவையில் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், இடையே ஓரிரு நிமிடம் ஸ்ராட்டரை ஆறவிடுங்கள். பெற்றோல் எஞ்சினாயின் முதலில் மூடியைத் திறந்து ஆவியை வெளியேற்றுவது உயிர்காக்கும் விதி.

இவ்வளவு விரிவாக எழுதுவது பணத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. இறங்குதுறையில் முனகும் எஞ்சின் ஒரு மாலைப்பொழுதைக் கெடுக்கும். அதே எஞ்சின், மீன்பிடிக்க நிறுத்திய இடத்தில், கரைக்காற்று எழும் வேளையில் முனகினால், பிள்ளைகளோடு படகு வெளிக்கடலை நோக்கி இழுபடும். எட்டு மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது அதிலுள்ள அனைவரும் மிதவை அங்கி அணிந்திருக்க வேண்டுமென நோர்வேச் சட்டம் 2015 முதல் கூறுகின்றது. நங்கூரமும் துடுப்பும் படகில் இருக்கட்டும். கடலில் ஆபத்து நேரின் அழைக்க வேண்டிய 120 என்ற இலக்கத்தை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும்.

புறப்படுமுன் எஞ்சினைச் சூடேற்றி, துறையிலேயே அணைத்து, இன்னொரு முறை இயக்கிப் பாருங்கள். உடனே பற்றிக்கொண்டால் கயிற்றை அவிழுங்கள். முனகினால் அன்றைய மீனைக் கடையில் வாங்குவதே மேல்.