வமிசாவளியும் நிலமும்

சென்ற கோடையில் விருத்தாசலத்தில் யான் தங்கியிருந்தபோது, பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நீண்ட தாள் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒரு நாள் மாலை என்னைக் காண வந்தார். அவ்வூரைப் பார்த்திராத அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழமலைநாதர் கோயிலாற் பெயர் பெற்ற அவ்வூர், களிமண்ணைச் சுட்டுப் பொம்மையும் அகல் விளக்கும் மின்சாரக் கம்பிகளுக்கு வேண்டிய பீங்கான் சாமான்களும் செய்து பிழைக்கும் ஊராகவும் விளங்குகின்றது. வந்தவர் தாளை விரித்து, காற்றிற் பறவாதபடி நான்கு மூலையிலும் நான்கு அகல்களை வைத்தார். அது அவர் குடும்பத்தின் வமிசாவளி.

உச்சியில் எழுதப்பட்டிருந்தவர் மருது சகோதரர்களின் படையில் நின்று கும்பினியாரோடு பொருதவர் என்பதும், 1801 ஆம் ஆண்டில் காளையார்கோயில் வீழ்ந்த பின்னர் வடதிசை நோக்கி வந்து மணிமுத்தாற்றங்கரையிற் குடியேறினார் என்பதும் அவர்கள் வீட்டில் வழிவழியாக வரும் செய்தி. சிவகங்கைச் சீமையில் அவருக்கு நிலம் இருந்ததாம். அந்நிலம் இப்போது யார் வசம் உள்ளது, அதில் தமக்கு ஏதேனும் பாத்தியதை உண்டோ என்று பெரியவர் வினவினார். யான் தாளை மேலிருந்து கீழாகப் படித்தேன். ஏழு தலைமுறை, நாற்பத்து மூன்று பெயர்கள். அவற்றுள் ஒன்றேனும் பெண்பெயர் இல்லை.

“ஐயா, இந்நாற்பத்து மூவரையும் பெற்றவர்கள் எங்கே? இவர்களோடு பிறந்த பெண்கள் எங்கே?” என்றேன்.

“தம்பி, பெண்மக்கள் வேறு வீடு புகுந்தவர்கள் அல்லவா? நிலத்துக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? அவர்களை எழுதினால் தாள் கொள்ளாது” என்று அவர் நகைத்தார்.

அவ்விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. முன்னோரைத் தேடும் ஆர்வம் இக்காலத்து நம்மவரிடையே வளர்ந்து வருவது நன்றே. ஆனால் புரட்சி செய்த பாட்டனாரைத் தேடுவோர் பெரும்பாலும் இரண்டு பொருளையே நாடுகின்றனர். ஒன்று புகழ், மற்றொன்று நிலம். இரண்டும் ஆண்வழியே ஒழுகி வருவன என்பது அவர்கள் துணிபு. அத்துணிபு பிழையென்பதற்கு, பெரியவர் சுட்டிய சிவகங்கைச் சீமையே சான்று பகர்கின்றது.

சிவகங்கை, இராமநாதபுரத்தினின்றும் 1730 ஆம் ஆண்டையொட்டிப் பிரிந்த சீமை. அதன் அரசர் முத்துவடுகநாதர் 1772 இல் காளையார்கோயிலிற் கொல்லப்பட்டதும், அவர் தேவியார் வேலுநாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து 1780 இல் நாட்டை மீட்டதும், மருது சகோதரர்கள் ஆட்சிப்பொறுப்பை ஏற்றதும் நம் மாணவர் நன்கறிவர். வேலுநாச்சியாரின் மகளை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் அரசராக இருந்த காலத்திலேதான் 1801 ஆம் ஆண்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு அக்டோபர் 24 ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். விருத்தாசலம் அடங்கிய தென்னார்க்காட்டுப் பகுதியும் அதே ஆண்டு ஜூலை மாதத்து உடன்படிக்கையினால் நவாபின் கையினின்றும் கும்பினியாரின் கைக்கு மாறிற்று. பெரியவரின் மூதாதையர் கும்பினியாருக்கு அஞ்சி ஓடிவந்து, கும்பினியாரின் ஆட்சியிலேயே குடியேறினார் போலும்!

போரில் நின்றவர்களின் குடும்பங்கள் யாதாயின? வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும், வேறு எழுபதின்மர் அளவினரும் 1802 ஆம் ஆண்டு தூத்துக்குடியிற் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். துரைசாமி அப்போது இளைஞர். அவர் தந்தையோடு முன்னர்ப் பழகியும் பின்னர்ப் போரிட்டும் இருந்த வெல்ஷ் என்னும் ஆங்கிலத் தளபதி, 1818 ஆம் ஆண்டில் அத்தீவில் அவரைக் கண்டதைத் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். ஆண்டில் இளையவரேனும் தோற்றத்தில் முதிர்ந்துவிட்டிருந்த அம்மனிதரை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. நிலத்தைப் பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை. வடக்கிலும் தெற்கிலும் இதுவே நடந்தது. 1799 இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, 1801 இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் தரைமட்டமான பின்னர், அப்பாளையத்து நிலங்கள் எட்டயபுரத்தார் முதலிய கும்பினியாரின் நண்பர்களுக்குப் பங்கிடப்பட்டன. எதிர்த்தவன் மண்ணை இழந்தான். அடங்கியவன் சன்னது பெற்றான். ஆதலின், பாட்டனார் புரட்சியாளர் என்ற பெருமையையும் அவர் நிலம் எங்கே என்ற வினாவையும் ஒரே மூச்சிற் கூறுவோர், அவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன என்பதை மறந்துவிடுகின்றனர்.

இனி, சிவகங்கை நிலம் யாரிடம் சென்றது? கும்பினியார், பழைய அரசகுடியின் கிளையில் வந்தவரும் மருது சகோதரர்களுக்குப் பகைவருமான படமாத்தூர் கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவரைத் தேடிப்பிடித்து 1801 இல் ஜமீன்தாராக்கினர். 1803 இல் அவருக்கு நிலையான சன்னது வழங்கப்பட்டது. அவர் 1829 இல் இறந்தார். மனைவியர் எழுவரை மணந்தும் அவருக்கு ஆண் சந்ததி நிலைக்கவில்லை. மனைவியர் மூவரும் பெண்மக்களுமே எஞ்சினர். அந்நிலையில் அவர் தமையனாரின் மகன், தம் குடும்பம் பாகம் பிரியாத கூட்டுக்குடும்பம் என்றும், எஞ்சிய ஆண் பங்காளிக்கே சொத்துச் சேருமென்றும் கூறி ஜமீனைக் கைப்பற்றினார்.

கைம்பெண்ணாகிய அங்கமுத்து நாச்சியார் வாளாவிருந்தாரல்லர். வழக்குத் தொடுத்தார், தோற்றார், வழக்கு முடிவு பெறுமுன்னே காலமானார். பின்னர் ஜமீன்தாரின் மகளாகிய காத்தம நாச்சியார் அவ்வழக்கை மேற்கொண்டார். மதுரையிலும் சென்னையிலும் நெடுங்காலம் அலைந்த அவ்வழக்கு, கடல் கடந்து இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1863 ஆம் ஆண்டில் தீர்ப்புக் கிடைத்தது. தந்தை இறந்து முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஒரு சிறுமி பாட்டியாவதற்குப் போதுமான காலம் அது.

அத்தீர்ப்பின் கருத்தைச் சுருங்கக் கூறுவேன். குடும்பம் பிரியாததாகவே இருக்கலாம். ஆயினும் சிவகங்கை ஜமீன் கௌரி வல்லபருக்குப் பாட்டன் வழியாக வந்ததன்று. 1801 இல் கும்பினியார் அவருக்குப் புதிதாக அளித்தது. எனவே அது அவருடைய சுயார்ஜிதம். சுயார்ஜிதமான சொத்தில் பிறப்பினால் பங்காளிகளுக்கு உரிமையில்லை. ஆகவே எஞ்சியிருத்தலால் அவர்களைச் சேரும் உரிமையும் இல்லை. மகன் இல்லாவிடத்து அது மனைவிக்கும், மனைவிக்குப் பின் மகளுக்கும் உரியது. மிதாக்ஷர தர்ம நூலின் வழி நின்றே நீதிபதிகள் இம்முடிவுக்கு வந்தனர். காத்தம நாச்சியார் ஜமீன்தாரிணியானார்.

இங்கே வாசகர் சற்று நின்று எண்ண வேண்டிய விந்தை ஒன்றுண்டு. ஜமீன் பழம்பெரும் பரம்பரைச் சொத்து என்று நிலைநாட்டப்பட்டிருந்தால் மகள் தோற்றிருப்பாள். புரட்சியாளரிடமிருந்து பறிக்கப்பட்டு வேறொருவருக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்டமையாலேயே அது மகளைச் சேர்ந்தது. வேலுநாச்சியாரின் மருமகன் கப்பலேறிப் போக, பகைவரின் மகள் அரியணை ஏறினாள். இதனை நீதியென்று கூறுவதா? யான் கூறத் துணியேன். உழுத குடிகளை ஒருவரும் கேட்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். இலண்டனில் வாதாடப்பட்டது, யாருக்கு அவர்கள் வாரம் அளக்க வேண்டும் என்பதேயாம். 1948 ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரே அவ்வினா அவர்களுக்கு இல்லாதொழிந்தது. காத்தம நாச்சியார் 1877 இல் இறந்ததும் பேரர்களுக்குள் மீண்டும் வழக்கு மூண்டு, அதுவும் 1881 இல் இலண்டனிலேயே முடிந்தது; அக்கதையை இங்கு விரிக்கவில்லை.

இப்பழங்கதை இன்று எதற்கு என்பாருளர். அவர்கட்கு ஒரு செய்தி. நம் தமிழ்நாட்டினின்றே எழுந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கு 2022 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் முடிவுற்றது. 1938 இல் நீதிமன்ற ஏலத்தில் ஒரு குடியானவர் வாங்கிய நிலம். அவருக்கு ஒரே மகள். நிலம் மகளுக்கா, சகோதரர் வழிப் பங்காளிகளுக்கா என்பது வினா. சிவகங்கையில் எழுந்த அதே வினா! 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்னரேயும் தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்கு உரிமை உண்டு என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவர்கள் எடுத்துக்காட்டிய முன்தீர்ப்புக்களுள் காத்தம நாச்சியார் வழக்கும் ஒன்று. பிதிரார்ஜிதத்திலோவெனில், 1989 இல் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் அதுவரை மணமாகாத மகள்களுக்கும், 2005 இல் நாடு முழுவதற்குமான திருத்தம் மணமான மகள்களுக்கும் மகனோடொத்த பங்கை அளித்தன.

சட்டம் இவ்வளவு கூறியும் நம் வீடுகளில் நடப்பதென்ன? பிறரைக் குறை கூறுமுன் என் வீட்டைச் சொல்கிறேன். யான் கல்லூரியிற் பயின்ற காலத்தில், விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள், என் தந்தையார் என்னையும் என் அத்தையையும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். அத்தை ஒரு விடுதலைப் பத்திரத்திற் கைந்நாட்டு வைத்தார். யான் சாட்சிக் கையெழுத்திட்டேன். பத்திரத்தை அவருக்கு ஒருவரும் படித்துக் காட்டவில்லை. படிக்கத் தெரிந்த யானும் காட்டவில்லை. திரும்பும் வழியில் ஒரு பட்டுப்புடைவை எடுத்துக் கொடுத்தோம். அவர் அதனை மகிழ்ந்தே பெற்றுக்கொண்டார். அந்நிலத்து விளைச்சலில் யான் மேற்படிப்புப் படித்தேன். அத்தையின் மக்கள் படிக்கவில்லை. வமிசாவளித் தாளில் பெண்பெயர் விடுபடுவது எழுதுவோனின் மறதியால் மட்டும் நேர்வதன்று. என் போன்றோர் இட்ட கையெழுத்தும் அதனுள் இருக்கிறது.

ஆகவே முன்னோரைத் தேடப் புகும் மாணவர்க்கு யான் கூறுவது இதுவே: வாள் பிடித்த பாட்டனாரை விட்டு, பத்திரத்தைத் தேடுங்கள். வீட்டுப் பெட்டியிலுள்ள தாய்ப்பத்திரம், பட்டா, கிராமத்து ‘அ’ பதிவேடு, பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்று ஆகியவற்றை நிகழ்காலத்தினின்றும் பின்னோக்கிப் படித்துச் செல்லுங்கள். கும்பினிக் காலத்துக் கடிதப் போக்குவரத்து எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஒவ்வொரு பத்திரத்திலும் விடுதலை கொடுத்தவள் யார், கைந்நாட்டு யாருடையது என்று பாருங்கள். சிவகங்கை அரண்மனைப் பெண்களின் பெயர்கள் இத்தனை நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் நீதிமன்றம் ஏறினர், அச்சிட்ட சட்ட அறிக்கைகள் அவர்தம் பெயர்களைக் காத்தன என்பதே. வழக்காடாத வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பதிவும் இல்லை. அவர்களைக் கேட்டறிய வேண்டுமாயின் பாட்டிமார் உயிரோடிருக்கும் இப்போதே கேட்க வேண்டும்.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் கூறினேன். இரண்டு நூற்றாண்டுக்கு முன் போன நிலத்தை எந்நீதிமன்றமும் மீட்டுத் தராது என்றதும் அவர் முகம் சிறிது வாடிற்று. மறுநாட் காலையில் அவரோடு பழமலைநாதர் கோயிலுக்குச் சென்றேன். அக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அப்பெண்ணின் பெயர் கல்லில் நிற்கிறது. பெரியவர் தம் வாழ்நாள் முழுதும் அக்கோயிலை வலம் வந்தவர். அப்பெயரை அவர் அறிந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து மீண்டும் வந்தார். தாள் வேறு; முன்னதினும் அகலமானது. தாயார், பாட்டியார், தமக்கையர் இருவர், தங்கை ஒருத்தி என ஐந்து பெயர்களைத் தாமே எழுதியிருந்தார். கொள்ளுப்பாட்டியின் இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. “அவர் பெயரை அறிந்தவள் என் தங்கை ஒருத்திதான், பாகப்பிரிவினைக்குப் பின் அவள் எங்களோடு பேசுவதில்லை. திங்கட்கிழமை அவள் ஊருக்குப் போகப் போகிறேன், தம்பி” என்றார். எத்தனை ஆண்டாயிற்றென்று கேட்டேன். பதினெட்டு என்றார்.