பொதுச் சந்தில் வண்டி... பக்கத்து வீட்டோடு மல்லுக்கட்டு! சட்டம் யார் பக்கம்?

சென்னை:
பெரம்பூர், வியாசர்பாடி, திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம்... எந்த ஏரியாவுக்குப் போனாலும் இந்தச் சண்டை உண்டு. முன்னால் ஒரு வீடு, பின்னால் ரெண்டு வீடு, எல்லோருக்கும் பொதுவாக ஒரே சந்து. அதில் ஒருத்தர் வண்டியை நிறுத்திட்டா, மத்தவங்க வண்டி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. 'கொஞ்சம் தள்ளி விடுங்க' என்று ஆரம்பிக்கிற பேச்சு, சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போய், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் முடிகிறது.

சந்து அதே சந்துதான்
இந்த மனைகளில் பல, அண்ணன் - தம்பி பாகம் பிரித்தவை. பிரித்த காலத்தில் வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயம். ஆறடி, எட்டடி போதும் என்று வழி விட்டார்கள். இன்று அதே சந்தில் ரெண்டு பைக், ஒரு ஸ்கூட்டர், ஒரு ஆட்டோ. இடம் எங்கே இருக்கு?

பத்திரம் என்ன சொல்லுது?
'எனக்கும்தான் பாத்தியம் இருக்கு, நான் நிறுத்துவேன்' என்பதுதான் எல்லோரும் சொல்வது. பத்திரத்தை எடுத்துப் பாருங்க. 'ஆள், வண்டி போகவர பாத்தியம்' என்று இருக்கும். போகவரத்தான் உரிமை, நிறுத்தி வைக்க அல்ல. சந்தில் பங்கே இருந்தாலும், அடுத்தவரை மறிக்காத அளவுக்குத்தான் பயன்படுத்த முடியும். பத்திரத்தில் வழி எழுதாவிட்டாலும், 20 வருஷம் தடையில்லாமல், உரிமையோடு போய் வந்திருந்தால் 1882-ம் ஆண்டு வழியுரிமைச் சட்டப்படி கோர்ட்டில் கேட்கலாம்.

அடுக்குமாடியிலும் இதே கதைதான். தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங் பொது இடம், அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் 2010-ல் தீர்ப்பு சொன்னது.

போலீஸ் வருமா?
போக உரிமை உள்ள வழியில் ஆளை மறித்தால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பி.என்.எஸ். சட்டம் 126-வது பிரிவில் ஒரு மாத ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஆனால் தனியார் வழியில், 'மறிக்க எனக்கு உரிமை உண்டு' என்று நல்லெண்ணத்தோடு நம்பி மறித்தவருக்கு இதில் விலக்கு உண்டு. அதனால்தான் ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்கிறார்கள். சிவில் கேஸ் என்றால் வருஷக்கணக்கில் அலைச்சல், வக்கீல் ஃபீஸ்.

நஷ்டம் யாருக்கு?
விடிகாலை சவாரிக்குக் கிளம்பும் ஆட்டோக்காரருக்கு அன்றைய வருமானம் போச்சு. வாடகைக்கு இருப்பவர் வாயைத் திறந்தால் 'வீட்டைக் காலி பண்ணு' என்ற பதில் வரும். ராத்திரியில் பெரியவருக்கு நெஞ்சு வலி என்றால் 108-ன் ஸ்டிரெச்சர் கூட உள்ளே வராது. அப்போது யார் சரி, யார் தப்பு என்று பேசி என்ன பயன்?

செலவில்லாத வழி
கேஸ் போடும் முன்பே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போன்: 15100.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. முதலில் கிளம்பும் வண்டி வாசல் பக்கம், கடைசியில் கிளம்பும் வண்டி உள்பக்கம், ஆள் போக மூணடி எப்பவும் காலி... இதை ஒரு பேப்பரில் எழுதி எல்லா வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடுங்க. பாதி சண்டை அங்கேயே முடிஞ்சிடும்!