நான்காம் அங்கத்தை வெட்டாதீர்கள்

மேயர்பியரின் 'லே யூக்னோ' ஆப்பெராவை முழுதாக மேடையேற்ற எந்த அரங்கும் தயங்கும். ஐந்து அங்கம், ஏறத்தாழ நான்கு மணி நேர இசை, ஏழு முதன்மைப் பாடகர்கள், போதாததற்குப் பெரும் கோரஸ். அதனால் முக்கியப் பகுதிகளை மட்டும் ஒன்றரை மணி நேரக் கச்சேரியாக்கி இணையத்தில் நேரலையாகத் தருவதைக் குறை சொல்ல மாட்டோம். எந்தப் பகுதிகள் என்பதில்தான் நமக்குச் சண்டை.

தனிப்பாடல்களைப் பொறுக்கிக் கோப்பது எளிது. வயோலா தாமோர் என்னும் நரம்புக் கருவியின் துணையோடு நாயகன் ராவுல் பாடுவது, ராணி மார்கரீத்தின் நீண்ட பாட்டு, ராவுலின் பணியாள் மார்செலின் போர்ப்பாட்டு எல்லாவற்றுக்கும் கைதட்டல் நிச்சயம். ஆனால் 1836 பிப்ரவரி 29 அன்று பாரிஸில் அரங்கேறிய இந்தப் படைப்பின் உயிர் நான்காம் அங்கத்தில் இருக்கிறது. ராவுலைப் போன்ற புராட்டஸ்டன்டுகளைக் கத்தோலிக்கர்கள் கொன்று குவித்த 1572 பாரிஸ் படுகொலைக்கான சதி அங்கேதான் முடிவாகிறது. மூன்று துறவிகள் வாள்களை ஆசீர்வதிக்கிறார்கள். கோரஸ் வெறிகொண்டு எழுந்து, கடைசியில் கிசுகிசுத்தபடி கலைகிறது. மறைந்திருந்து கேட்ட ராவுல் வெளியே வர, வாலன்டீனுடன் டூயட் தொடங்குகிறது. மேயர்பியரைக் கடுமையாகத் தாக்கிய வாக்னரே அதன் ஜி-ஃப்ளாட் மெலடியைப் புகழ்ந்திருக்கிறார். சதியை விட்டுவிட்டு டூயட்டை மட்டும் பாடினால், அவன் ஏன் காதலியை உதறி ஓடத் துடிக்கிறான் என்பதே விளங்காது.

ராவுலாகப் பாடும் டெனரைச் சதிக்காட்சி முடியும்வரை உள்ளே உட்காரவைப்பது கச்சேரி வழக்கம். நேரலையில் அது வேண்டாம். கோரஸுக்குப் பின்னால் ஓரமாக நிறுத்துங்கள். ஒரு கேமரா அவ்வப்போது அவர் முகத்துக்குப் போகட்டும். மேடையில் அவர் மறைந்து கேட்பதைக் காட்டத் திரைச்சீலையும் கதவும் செய்கிற வேலையை அது செய்துவிடும்.

ஒலிப்பதிவாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒலிபரப்பு விதி கேட்கும் மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்பது நிகழ்ச்சி முழுவதற்குமான சராசரி அளவு. அது யாரையும் கெடுப்பதில்லை. கெடுப்பது, கைபேசிக் கேட்பவருக்காக என்று சொல்லி நாமே போடும் கம்ப்ரசர். அது கோரஸின் உச்சத்தை அமுக்கிக் கிசுகிசுப்பைத் தூக்கிவிட்டால், அந்தக் காட்சியில் மிச்சம் எதுவுமில்லை. ஃபேடரைக் கையால், ஸ்கோரைப் பார்த்து, முன்கூட்டியே மெதுவாக நகர்த்துங்கள்.

நேரம் மிஞ்சினால் ஐந்தாம் அங்கத்து மூவர் பாட்டையும் சேர்க்கலாம். மார்செலின் கேள்விகளோடு தனியே ஒலிக்கும் பாஸ் கிளாரினெட்டுக்குத் தனி மைக் வையுங்கள். நேரம் போதாவிட்டால் ராணியின் பாட்டைக் கழியுங்கள். சோப்ரானோ ரசிகர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.