குளிக்காதே என்றால் போதுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னைக்குச் செம்பரம்பாக்கம் ஓர் ஊராக இருப்பதில்லை, ஓர் எண்ணாகிவிடுகிறது. ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் குன்றத்தூரிலும் அனகாபுத்தூரிலும் ஜாபர்கான்பேட்டையிலும் மழைக்கால இரவில் யாரும் நிம்மதியாகப் படுப்பதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் விநாடிக்கு 29 ஆயிரம் கன அடிவரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டபோது பிடித்த பயம் அது. நியாயமான பயம்தான். அதன் பலனாக, வெள்ளமாக வருகிற சாவுக்கு அரசிடம் இன்று அளவுகோலும் அறிவிப்பும் இருக்கின்றன. ஒருவராக இருவராக ஏரியிலும் கல்குவாரியிலும் கோயில் குளத்திலும் மூழ்கிப் போகிறவர்களுக்கு இருப்பதெல்லாம் துருப்பிடித்த ஒரு பலகை: ‘ஆழமான பகுதி. குளிக்கத் தடை.’

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் அதிகம். நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல். ஒரே நாளில் ஒரே இடத்தில் நூறு பேர் போயிருந்தால் விசாரணைக் கமிஷன் அமைத்திருப்பார்கள். ஊருக்கு ஒருவராகப் போவதால் உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

பலகையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. செம்பரம்பாக்கம் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. அதில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்பது சரியான விதி. மதகு திறந்திருக்கும் நாளில் ஷட்டர் பக்கம் வேடிக்கை பார்க்கவும் மீன் பிடிக்கவும் கூடுகிறவர்களைப் போலீஸ் விரட்டுவதும் சரியே. ஆனால் ‘இங்கே இறங்காதே’ என்று சொல்கிற அரசு, ‘இங்கே வந்து கற்றுக்கொள்’ என்று வேறோர் இடத்தைக் காட்டியிருக்கிறதா?

ஒருகாலத்தில் அப்படிக் காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. இந்த ஏரியின் ஆயக்கட்டில் நெல் விளைந்தவரை குன்றத்தூர், மாங்காடு, திருமழிசைப் பக்கமெல்லாம் வயலுக்கு வயல் கிணறு இருந்தது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைப் போட்டு, மாமனோ சித்தப்பாவோ மேலே பிடித்துக்கொள்ள, பையன் கிணற்றுக்குள் கை கால் அடித்தான். பிறகு குடுக்கையின் இடத்துக்கு லாரி டியூப் வந்தது, பிளாஸ்டிக் கேன் வந்தது. கட்டணமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. வயல் மனையானபோது கிணறும் தூர்ந்தது. மிச்சமிருக்கும் கிணறுகளுக்குக் கம்பி மூடி. இன்று நீச்சல் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் வசதிப் பட்டியலில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு சொல். அரசின் பெயர்பெற்ற குளங்களான மெரினாவும், 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரியும் இங்கிருந்து போய்வருவதற்கே அரை நாள் பிடிக்கும்.

அந்தக் கிணற்றுக் காலத்தையும் கொண்டாடிக்கொண்டிருக்க முடியாது. அங்கே நீந்தியவர்கள் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து துணி துவைத்தாள், இறங்கினாலும் இடுப்பளவுக்குத்தான். அதன் விலையை இப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலத்தின் தடுப்பணையில் குளிக்கப் போய் மூழ்கிய ஏழு பேரும் சிறுமிகளும் இளம்பெண்களும்தான். 2023 பிப்ரவரி 15 அன்று மாயனூர் காவிரியில் இறந்த நால்வரும் புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவிகள். கால்பந்துப் போட்டிக்காக வெளியூர் வந்தவர்கள். ஊர் தாண்டிப் போய்ப் பந்து விளையாடும் அளவுக்குப் பெண் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். தண்ணீரில் அரை நிமிடம் மிதக்க மட்டும் கற்றுத்தரவில்லை.

இந்தச் சாவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று உண்டு. ஒருவர் வழுக்குகிறார், அவரைப் பிடிக்க இன்னொருவர், அவரைப் பிடிக்க மூன்றாமவர். 2023 ஏப்ரல் 5 அன்று சென்னை நங்கநல்லூரை அடுத்த மூவரசம்பட்டில் தீர்த்தவாரியின்போது கோயில் குளத்தில் ஐந்து இளைஞர்கள் இறந்தது அப்படித்தான். கரையில் நூற்றுக்கணக்கானோர் நின்ற விழா அது. நீச்சல் தெரியாதவன் மட்டுமே சாகிறான் என்று நினைப்பதும் தவறு. நீந்தத் தெரிந்தவனைக்கூட, மூழ்குகிறவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே இழுத்துவிடுவான். எதிர்த்திசையில் ஓர் உதாரணம்: 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் தத்தளித்தபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் சற்றும் யோசிக்காமல் தங்கள் சேலையை அவிழ்த்து வீசி இருவரைக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. விருதோடு நின்றிருக்க வேண்டாம். ஆளைப் பிடிக்கப் பாயாமல் எதையாவது வீசு என்கிற அவர்களுடைய பாடத்தைப் பாடப்புத்தகத்திலும் சேர்த்திருக்கலாம்.

செம்பரம்பாக்கத்துக்கு வருவோம். ஏரியைவிட என்னை அச்சுறுத்துவது பக்கத்திலிருக்கும் சிக்கராயபுரம் கல்குவாரிகள். இருபதுக்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட பள்ளங்கள். 2017, 2019 வறட்சியில் அவற்றின் நீரை இறைத்துச் சுத்திகரித்துத்தான் நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். நகரத்தின் தாகம் தீர்த்த அதே பள்ளங்கள் குளிக்க இறங்கிய இளைஞர்களின் உயிரையும் வாங்கியிருக்கின்றன. ஏரியில் கரையிலிருந்து ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். குவாரியில் அந்தச் சலுகை இல்லை. முதல் அடி பாறையில், இரண்டாவது அடி முப்பது நாற்பது அடி ஆழத்தில். மேல் நீர் வெயிலில் இதமாக இருக்கும். உள்ளே சில்லிட்டு உடம்பைக் கவ்வும். ஏறி வரப் பிடிமானம் கிடையாது. ஏரியிலும் மண் எடுத்த குழிகள் நீர் நிறைந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே கற்றுத்தர வேண்டியது பதக்கத்துக்கான நீச்சல் அல்ல. உடுத்திய துணியோடு விழுந்தால் பதறாமல் மல்லாந்து மிதப்பது, கரைவரை ஒரு 25 மீட்டர் நகர்வது, அடுத்தவர் விழுந்தால் கரையில் நின்றபடியே கயிறோ கொம்போ துணியோ நீட்டுவது. ஜப்பானில் 1955இல் ஷியுன் மாரு என்ற கப்பல் மூழ்கி 168 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள். அதற்குப் பிறகு பள்ளிதோறும் குளம் கட்டுவது அங்கே வேகமெடுத்தது. துணியோடு மிதக்கும் பயிற்சி இன்று அங்கே பல பள்ளிகளில் உண்டு. பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்குவோரும் இருப்பார்கள். அவர்களுக்கு வங்கதேசம். அங்கே கிராமத்துக் குட்டையிலேயே மூங்கிலால் ஒரு மேடையும் வேலியும் கட்டி, உள்ளூர் இளைஞர்களைப் பழக்கி, நான்கு வயதிலிருந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், அரை நிமிடம் மிதக்க வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. கற்ற குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. மூங்கிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

இங்கே ஏரியில் இறக்க முடியாது. குவாரியில் இறக்கவே கூடாது. பள்ளி மைதானத்தில் இரண்டு மாதம் வைத்துவிட்டு அடுத்த பள்ளிக்கு எடுத்துச்செல்லக்கூடிய, மார்பளவு நீர் நிற்கும் தற்காலிகத் தொட்டி போதும். கற்றுத்தரத் தீயணைப்புத் துறையில் ஆட்கள் இருக்கிறார்கள். ஏரியில் வலை வீசும் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். (சேவை என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவது நம் வழக்கம். ஒரு கோடையோடு நின்றுபோகிற திட்டங்களெல்லாம் அப்படித்தான் நின்றுபோகின்றன.)

இன்னொன்றும் சேர வேண்டும். மூழ்கியவரை வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றில் ஏறி அமுக்குவதும் இன்னும் நம் ஊர்களில் நடக்கிறது. வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகும். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் இருப்பதுதான் முறை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரே மதியத்தில் இதைப் பழகிவிடும்.

காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட நிர்வாகங்கள் இதற்காகச் சட்டமன்ற அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குவாரிகளைச் சுற்றி வேலி, ஒவ்வொரு குளக்கரையிலும் ஒரு கயிறும் காற்றடைத்த டியூபும், பள்ளிக்கு ஒரு தொட்டி. இவை ஒரு பாலத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. வருகிற கோடை விடுமுறைக்கு முன்பே, செம்பரம்பாக்கத்தைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கட்டும். முதல் வரிசையில் பெண் பிள்ளைகளை நிறுத்தட்டும்.