மேடையில் பெருமை, சாவு வீட்டில் கட்டாயமா?

ஆடி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் மாவட்டக் கிராமங்களில் மாரியம்மன் பண்டிகை களைகட்டும். பல ஊர்களில் பண்டிகைக்கு மேளம் அடிப்பவர் காலனியிலிருந்து வருகிறார். அதே ஊரில் சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவதும் அவர் வீட்டுக்குத்தான். அவருடைய தப்பட்டை இல்லாமல் சாமி ஊர்வலம் கிளம்பாது. பாடையும் சுடுகாட்டுக்கு நகராது. ஆனால், அடித்து முடித்த பிறகு அவர் எங்கே நிற்க வேண்டும், கூலி எவ்வளவு என்பதை ஊர் முடிவு செய்கிறது. "இன்றைக்கு என்னால் வர முடியாது" என்று அவர் சொன்னால் என்ன நடக்கும்? இந்தக் கேள்வியோடுதான் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் பயணத்தை நாம் பார்க்க வேண்டும்.

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் அந்தக் குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 19 பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர் அறிவு, பறை, சட்டி, கட்டமோளம் அடிப்பவர்கள் ஒரு பக்கம். கிடார், டிரம்ஸ் வாசிப்பவர்கள் இன்னொரு பக்கம். எல்லோரும் கோட்டு சூட்டு அணிந்திருந்தார்கள். அம்பேத்கர் ஏன் கோட்டு அணிந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த உடையின் பொருளைச் சொல்லத் தேவையில்லை.

கட்டமோளமும் சட்டியும் வடசென்னையில் சாவு வீட்டு வாத்தியங்கள். கானாவும் சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்த பாட்டு. நம் ஊர்த் தப்பட்டையைப் போலவே அவற்றுக்கும் 'தீட்டு' என்ற முத்திரை குத்தப்பட்டிருந்தது. அந்த வாத்தியங்களை ராக் இசையின் கிடாருக்குப் பக்கத்தில், ஒரே மேடையில், ஒரே உயரத்தில் வைத்ததுதான் இந்தக் குழு செய்த பெரிய காரியம். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, குடிசை மக்களின் வாழ்க்கை ஆகியவை பாட்டுக்குப் பொருளாயின. அம்பேத்கரைப் பற்றிய பாட்டுக்குக் கூட்டமே எழுந்து நின்று கூடப் பாடியது.

குழுவின் பெயர் இங்கிலீஷில் இருந்தாலும் அதன் வேர் தமிழ் மண்ணில் இருக்கிறது. 'ஒரு பைசாத் தமிழன்' இதழை 1907இல் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தம் மக்களைச் சாதிபேதமற்றோர் என்று அழைத்தார். அந்த எண்ணத்திலிருந்தே பெயர் பிறந்தது. சாதியற்றவர் என்ற சொல்லுக்கு நம் சமவெளியில் என்ன விலை என்பது நமக்குத் தெரியும். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூனில் ஒரு தோழியோடு திருச்செங்கோட்டுக் கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். முதன்மைக் குற்றவாளிக்கு 2022இல் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. சாதி வேண்டாம் என்று ஆயிரம் பேர் முன்னால் பாடுவது இந்த மண்ணில் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்தக் குழு திடீரென்று முளைத்ததும் இல்லை. சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன், இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். 1990களில் மதுரையில் நடந்த தலித் கலைவிழாக்களில் பறை போர்க்குணத்தோடு முழங்கியது. அந்தக் காலத்தில் நம் மக்களிடையே இரண்டு கருத்துகள் இருந்தன. இழிவின் அடையாளமான பறையைத் தூக்கி எறிய வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். பறை நம்முடைய கலை, இழிவு அதை அடிக்கச் சொல்லும் சாதியில்தான் இருக்கிறது என்றார்கள் மறு சாரார். இன்றும் காலனி வீடுகளில் அப்பனுக்கும் மகனுக்கும் இடையே இந்த வாக்குவாதம் நடக்கிறது. கல்லூரிக்குப் போகும் மகன் தப்பட்டையைத் தொட மாட்டேன் என்கிறான். அவனே கல்லூரி விழாவில் பறை முழங்கினால் எழுந்து ஆடுகிறான்.

இதில் முரண்பாடு இருப்பதாக நாம் நினைக்கவில்லை. இரண்டு இடத்திலும் அவன் கேட்பது ஒன்றைத்தான்: அடிப்பதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். காஸ்ட்லெஸ் கலெக்டிவின் மேடையில் பறை அடித்தவர் தானே விரும்பி வந்தவர். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்துக் கைதட்டியது. சாவு வீட்டு வாசலில் நிற்கும் கலைஞருக்குக் கிடைக்காத மரியாதை அதுதான். நேரடிக் கச்சேரியின் பலமும் அதுதான். செல்போனில் பாட்டுக் கேட்பவருக்கு மேளம் மட்டும் கேட்கும். அடிப்பவர் யார் என்று தெரியாது. மேடையில் அவரை மறைக்க முடியாது.

பெண்களுக்கும் அந்த மேடை கதவைத் திறந்தது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவைப் பாடிய இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே இசைவாணிக்கு, ஐயப்பன் பெயரில் பல ஆண்டுகளுக்கு முன் பாடிய பாட்டுக்காக 2024 நவம்பரில் மிரட்டல்கள் வந்தன. மேடை ஏறிய பிறகும் போராட்டம் முடிவதில்லை.

2025இல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால், தலைநகரில் விருது பெறும் பறையை நம் கிராமத்தில் கட்டாயத்தின் பேரில் அடிக்க வைத்தால் அந்த விருதுக்கு அர்த்தமில்லை. தீண்டாமையை அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்திருக்கிறது. கட்டாய வேலையை 23ஆவது பிரிவு தடை செய்கிறது. பட்டியல் சாதியினரை வெட்டி வேலை செய்ய வைப்பதும், பிணம் தூக்கவோ குழி தோண்டவோ கட்டாயப்படுத்துவதும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இழவு சொல்லப் போகவும், மேளம் அடிக்கவும் மறுத்தவரை மிரட்டினாலோ ஊர்விலக்கு செய்தாலோ 14566 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். மாணவர்கள் இந்த எண்ணைத் தங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

சட்டம் மட்டும் போதாது. விரும்பி அடிக்க வருபவருக்கு வழியும் வேண்டும். நாதஸ்வரம், தவிலுக்கு இணையாகப் பறையையும் அரசு இசைப்பள்ளிகளில் முழுப் பாடமாக வைத்து, பரம்பரைக் கலைஞர்களையே ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். கல்லூரி விழாவுக்கும் கோயில் பண்டிகைக்கும் பறைக் குழுவை அழைப்பவர்கள், ஆர்கெஸ்ட்ராவுக்குச் செய்வதைப் போல முன்பணம் கொடுத்து, கூலியைப் பேசி, மேடையில் இடம் தர வேண்டும். அரிசியும் சாராயமும் கூலி ஆகாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் காலனிக் கலைஞர்களைப் பதிவு செய்ய ஒவ்வொரு ஊராட்சியும் முகாம் நடத்தலாம். படித்த பிள்ளைகள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம்.

ஏப்ரல் 14ஐ அரசு சமத்துவ நாளாகக் கொண்டாடுகிறது. அன்றைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் மைக் செட் கட்டி இந்தக் குழுவின் பாட்டைப் போடுகிறார்கள். அடுத்த முறை பாட்டைப் போடுவதோடு நிறுத்திவிட வேண்டாம். காலனியில் தப்பட்டை அடிக்கும் பெரியவரை அழையுங்கள். அவருக்கு விருப்பம் உண்டா என்று முதலில் கேளுங்கள். சரி என்றால், நாற்காலி போட்டு, பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி, மேடை ஏற்றுங்கள். மாட்டேன் என்றால், அந்தப் பதிலையும் அதே மரியாதையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.